அடுக்கெண்ணில் தெரியும் மாட்டுங்கா: துகள்களைக் கலக்கி எழுப்பும் கணக்கின் வரலாறு

வேதிப் பொறியியலின் வளர்ச்சியைப் பத்தாண்டுக்கு ஒரு படியாக அடுக்கிக் காட்டியவர் ஓலாஃப் ஹவ்கன். 1977-இல் வெளிவந்த அவருடைய ‘வேதிப் பொறியியலின் ஏழு பத்தாண்டுகள்’ கட்டுரையில் 1915–25 அலகுச் செயல்பாடுகளின் காலம். 1925–35 பொருள், ஆற்றல் சமன்கணக்குகளின் காலம். பிறகு வெப்ப இயக்கவியல், வினைவேகவியல் என்று ஏறி, 1955–65-இல் கடத்து நிகழ்வுகளுக்கு வந்து சேர்கிறார். இந்த ஏணி இன்றும் வகுப்பறைகளில் அப்படியே ஒப்பிக்கப்படுகிறது. அதை ஒப்புக்கொண்டால், அலகுச் செயல்பாடுகளில் அடங்கும், குழாயில் பாயும் நீரையும் அதில் அமிழும் மணலையும் பற்றிய படிப்பு 1925-க்குள் தன் வேலையை முடித்துக்கொண்ட ஒன்று. அதன்பின் செய்தவையெல்லாம் எச்சம்.

இந்த வாசிப்பை ஏற்க முடியவில்லை. ஹவ்கன் பணியாற்றியது விஸ்கான்சினில். கடத்து நிகழ்வுகளை ஒரு பாடமாகவே நிலைநிறுத்திய பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரின் நூல் (1960) அதே துறையிலிருந்து வந்தது. சமன்கணக்குகளையும் வினைவேகவியலையும் பாடநூலாக்கியதில் ஹவ்கனுக்கே நேரடிப் பங்கு உண்டு. ஆக, ஏணியின் நடுப்படிகளும் மேற்படியும் பெரும்பாலும் அவர் வீட்டு மரத்தில் செய்தவை. ஒரு துறையின் வரலாற்றை உள்ளிருந்து எழுதுவதில் தவறில்லை. அதை உலக வரலாறாகப் படிப்பதில்தான் சிக்கல். இன்னொன்று: ஏணி என்றாலே கீழ்ப்படியை விட்டுத்தான் மேற்படிக்கு ஏற வேண்டும். பழைய கேள்வி புதிய கருவியோடு திரும்பி வருவதற்கு அங்கே இடமில்லை. பம்பாயின் மாட்டுங்காவில் நடந்ததோ அதுதான்.

அங்குள்ள பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை (யு.டி.சி.டி., இன்றைய ஐ.சி.டி.) 1933 அக்டோபர் 1-இல் தொடங்கியது. 1938 முதல் அதை நடத்தியவர் சென்னையில் பிறந்த சாய வேதியியலறிஞர் கே. வெங்கடராமன். எம். எம். சர்மா கேம்பிரிட்ஜில் டான்க்வெர்ட்ஸிடம் ஆய்வு முடித்து 1964-இல் இங்கே பேராசிரியரானார். அப்போது வயது 27. அவருடைய மாணவர் ஜே. பி. ஜோஷி. இவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் பலரும் அறிந்தவையாதலால் நேராக ஒரு சமன்பாட்டுக்கு வருகிறேன்.

1958-இல் ஸ்வீட்டரிங் வெளியிட்ட கணக்கு இது: கலனின் அடியில் எந்தத் துகளும் ஓரிரு நொடிக்கு மேல் அசையாமல் கிடக்கக் கூடாது. அதற்குக் கலக்கி குறைந்தது எந்த வேகத்தில் சுழல வேண்டும்? அவர் விடையில் வேகம் துகள் விட்டத்தின் 0.2 அடுக்கைப் பொறுத்தும், கலக்கி விட்டத்தின் −0.85 அடுக்கைப் பொறுத்தும் மாறுகிறது. முன்னால் நிற்கும் மாறிலி கலக்கியின் வடிவம், கலனோடு அதற்குள்ள விகிதம், அடியிலிருந்து அதன் உயரம் எல்லாவற்றையும் தனக்குள் வைத்துக்கொள்கிறது. முப்பது ஆண்டு கழித்து, 1988-இல், ராகவ ராவ், ரேவத்கர், ஜோஷி மூவரும் மாட்டுங்காவிலிருந்து அதே கேள்விக்கு வேறொரு பாடம் தந்தார்கள். 0.3 முதல் 1.5 மீட்டர் வரை விட்டமுள்ள கலன்கள், குழாய்த் தண்ணீர், 100 முதல் 2,000 மைக்ரான் வரையிலான குவார்ட்ஸ் துகள்கள். துகள் விட்டத்தின் அடுக்கு 0.11 ஆகக் குறைந்தது; கலக்கி விட்டத்துக்கு −1.16, கலன் விட்டத்துக்குத் தனியாக 0.31.

முதல் பார்வைக்கு இரண்டும் முரண்படுகின்றன. ஆனால் கலக்கிக்கும் கலனுக்கும் உள்ள விகிதத்தை மாற்றாமல் இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கினால் −1.16-ஓடு 0.31-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது −0.85, அதாவது ஸ்வீட்டரிங்கின் அதே எண். எனவே மாட்டுங்கா பழைய கணக்கை மறுக்கவில்லை. அதன் மாறிலிக்குள் மூடிக்கிடந்த கலன் விட்டத்தை வெளியே எடுத்து வைத்தது. இந்தக் கட்டுரைக்கு இதைவிட முக்கியமான சான்று என்னிடம் இல்லை. 1925-இல் முடிந்த படிப்பு என்றால், 1988-இல் இப்படி உள்ளே திறந்து பார்க்க ஏதும் மிஞ்சியிருக்காது.

0.11-ஐ விளக்குவதுதான் கடினம். துகளைப் பாதியாக அரைத்தால் ஸ்வீட்டரிங் கணக்கில் வேகம் 13 சதவீதம் குறையும். மாட்டுங்கா கணக்கில் 7 மட்டுமே. கொந்தளிப்பான ஓட்டத்தில் செலவாகும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதால், சேமிப்பு முன்னதில் 34 சதவீதம், பின்னதில் 20. ஸ்டோக்ஸ் 1851-இல் காட்டியபடி நுண்துகள் அமிழும் வேகம் விட்டத்தின் இருமடியாகப் போகிறது. பெரிய துகளில் அந்தச் சார்பு தளர்ந்துவிடும். மாட்டுங்காச் சோதனை 2,000 மைக்ரான் வரை போனதால் அடுக்கும் தளர்ந்தது என்பது என் ஊகம். கலக்கியின் வகை காரணமாக இருக்கலாம் என்று ஒருவர் மறுத்தால், அதை முற்றாகத் தள்ளிவிட இயலாது. ஆனாலும் ஊகத்தை விடமாட்டேன். அடியில் கிடப்பதைப் பெயர்த்தெடுப்பது அமிழும் வேகம் மட்டுமல்ல, அடித்தளத்தை உரசும் ஓட்டமும் கொந்தளிப்பும் கூட என்பதை அச்சிறிய எண் தெளிவாகவே சொல்கிறது.

திறனை முன்வைத்துக் கேட்பது இந்தக் குழுவின் பழக்கம். மூன்று கலக்கிகளை ஒப்பிட்டு, குறைந்த ஆற்றலில் துகளை எழுப்புவது கீழ்நோக்கித் தள்ளும் சாய்தகட்டுக் கலக்கி என்று அவர்கள் முடிவு சொன்னதும் அப்படியே. அந்தக் கேள்வி ஆய்வகத்துக்கு மட்டும் உரியதன்று. மாட்டுங்காவின் ரயில் பாதைக்குக் கிழக்கே இந்த நிறுவனம். மேற்கே லேபர் கேம்ப், அதையொட்டித் தமிழ்த் தொழிலாளர் உழைத்த தாராவித் தோல் பதனிடும் ஷாப்புகள். பச்சைத் தோலின் மயிரை நெகிழ்த்தும் சுண்ணாம்பு, நீரில் லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். மிச்சம் அடியில் படியும். கலக்காமல் விட்டால் மேல்நீர் செலவழிந்த அளவுக்கு அடிச் சுண்ணாம்பு உடனே ஈடுசெய்யாது. 1988 கட்டுரை தோல் ஷாப்பைப் பார்த்து எழுதப்பட்டதல்ல, அப்படி உறவு கற்பிக்கவும் மாட்டேன். ஆனால் கையால் கலக்கியவரின் உழைப்பும் அக்கட்டுரை அளந்த திறனும் ஒரே இயற்பியலுக்குள் வருகின்றன. ஏணி வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

திறனை முன்வைத்துக் கேட்கும் இந்த மரபை எங்கிருந்து தொடங்குவது? சர்மா வந்த 1964 என்றால், அவர் கொண்டுவந்தது முதன்மையாக வாயு–திரவப் பொருள் கடத்தலும் வினையும். 1979-இல் ஜோஷியும் சர்மாவும் குமிழித் தூணுக்குள் திரவம் ஒன்றன்மேல் ஒன்றான சுழற்சி அறைகளாக ஓடுகிறது என்ற மாதிரியை வெளியிட்டார்கள். உள்ளே வரும் ஆற்றலையும் செலவாகும் ஆற்றலையும் சமன்செய்து பெற்ற அதன் வேகச் சூத்திரத்தில் அடுக்கு மூன்றில் ஒன்று. குமிழி ஏறுவதற்குப் பயன்பட்ட இந்த ஆற்றல் கணக்கே துகள் எழும்புவதற்கும், 1998-இல் பண்டிட்–ஜோஷி கட்டுரையில் நிலைப்படுகை, பாய்மப்படுகை, நிலைக்கலக்கி ஆகியவற்றின் அழுத்த இழப்புக்கும் பயன்பட்டது. ஆகவே 1979-ஐத் தொடக்கமாகக் கொள்ளவே விரும்புகிறேன். 1964-க்கும் 1979-க்கும் இடைப்பட்ட பொருள் கடத்தல் ஆய்வுகளில் கலக்கியின் திறன் எந்த அளவுக்கு முன்பே கணக்கில் வந்தது என்பதைப் பொறுத்து இந்த ஆண்டு பின்னோக்கி நகரக்கூடும்.