மன்னாரின் இரண்டு இருபதாண்டுக் கணக்குகள்

ஒரு கம்பனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், முதற்பக்கத்துத் தலைவர் உரையைக் கடைசியாகவே படிக்கவேண்டும் என்பது, பொருளாதாரச் செய்தி எழுதத் தொடங்கிய காலத்தில் மூத்த செய்தி ஆசிரியர் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்த பாடம். முதலிற் படிக்கவேண்டியவை கணக்குகளின் பின்னே சிறிய எழுத்தில் வரும் குறிப்புகள். அடுத்து காசுப்பாய்ச்சல் கூற்று, அதன்பின் ஐந்தொகை. இலாபநட்டக் கணக்கு அதற்கும் பிறகுதான். இலாபம் என்பது ஓரளவு அபிப்பிராயம். காசு உண்மை என்பார் அவர்.

மன்னார்த் தீவின் காற்றாலைகளைப் பற்றி அண்மைக் காலமாக வாசகர் பலர் என்னிடம் கேட்டு வருகின்றனர். அதானி நிறுவனம் ஏன் விலகியது? மின்சார சபைக்கு அதனால் நட்டமா, இலாபமா? இதற்கு விடை தேடுமுன், இதே மன்னார்க் கரையில் நூற்றாண்டுக்கு முன்னர் எழுதப்பட்ட வேறொரு கணக்கைத் திறந்து பார்ப்பது பயன்தரும். அதுவும் இருபதாண்டு ஒப்பந்தம். அதுவும் இயற்கை தருவதை விற்றுப் பணமாக்கும் திட்டம். அங்கே கடலடிச் சிப்பி, இங்கே கடற்காற்று.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் சங்க காலத்திலிருந்தே பேர்பெற்றவை. பெரிய பார், சேவல் பார், முத்துவரத்துப் பார் என்று நம்மவர் இட்ட பெயர்களையே ஆங்கிலேய அதிகாரிகளும் தம் அறிக்கைகளில் எழுதினர். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் முதலில் கைவைத்த வருமானங்களுள் முத்துக்குளிப்பும் ஒன்று. முதலாவது குடியேற்றத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், அரிப்பில் கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகையே கட்டினார். கடலரிப்புக்கு இரையாகிக் கொண்டிருக்கும் அதன் இடிபாடுகளை இன்றும் அங்கே காணலாம்.

முத்துக்குளிப்பு நடந்த முறையில் கணக்கியல் நோக்கில் ஒரு நுட்பம் உண்டு. படகு கரைக்கு வந்ததும் சிப்பிகள் கொட்டுக்குக் கொண்டுசெல்லப்படும். ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சிப்பி நிறைய வந்தால் இருவருக்கும் நிறைவு; குறைந்தால் இருவருக்கும் குறைவு. சிப்பியைத் திறக்குமுன்பே ஏலம் முடிந்துவிடுவதால், உள்ளே முத்து உண்டா இல்லையா என்ற இடரை வணிகர் ஏற்றனர். இவ்வாறு இடரும் பலனும் மூவரிடையே பங்கிடப்பட்டிருந்தன. 1906ஆம் ஆண்டுப் பருவத்தில் மரிச்சுக்கட்டியில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வுல்ஃப் இந்தக் காட்சிகளைத் தமது தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

சிப்பி ஒவ்வோராண்டும் கிடைப்பதன்று என்பதுதான் சிக்கல். 1768க்குப் பின் 1796 வரை முத்துக்குளிப்பே இல்லை. 1837க்குப் பின் 1855 வரை வெறுமை. 1892 முதல் 1902 வரை பதினொரு பருவங்கள் வெற்றுப் பருவங்கள். பாரில் ஒட்டும் சிப்பிக் குஞ்சு முதிர நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். அதற்குள் பருவக்காற்றின் நீரோட்டம் மணலால் மூடிவிடலாம்; திருக்கையும் பிற மீன்களும் தின்றுவிடலாம். பிழைத்தவையும் முதிர்ந்தபின் நெடுநாள் இருப்பதில்லை. உரிய பருவத்தில் எடுக்காவிடில் மடிந்துவிடும்.

இதற்கு அறிவியல் வழி காண்பதற்காக 1902இல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலும் பார்களை ஆராய்ந்தனர். ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. நல்லூழாக 1903 முதல் தொடர்ந்து சிப்பி கிடைத்தது. 1905இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபா வருமானம். அதற்கு முன் அத்தகைய ஆண்டு பதிவில் இருந்ததில்லை.

இந்த உச்சத்தின் வெளிச்சத்தில்தான் 1906இல் இலண்டனின் 'சிலோன் கம்பனி ஒவ் பேர்ல் ஃபிஷர்ஸ்' என்ற நிறுவனம் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபா. அன்றைய மாற்றில் ஏறத்தாழ 20,667 பவுண். சேர் ஹென்றி பிளேக் தேசாதிபதியாக இருந்த காலம் அது. பொன்முட்டையிடும் வாத்தை அரசு விற்றுவிட்டது என்று கொழும்பில் பலர் குறைகூறினர்.

அன்றைய முதலீட்டாளர் ஒருவரின் நாற்காலியில் நாம் அமர்ந்து பார்ப்போம். 1905இன் வருமானத்தைக் குத்தகைத் தொகையால் வகுத்தால் எட்டு வருகிறது. ஓராண்டுப் பலன் எட்டாண்டுக் குத்தகையைக் கட்டும். இதைவிடப் பாதுகாப்பான முதலீடு வேறுண்டோ என்றே தோன்றும். ஆனால் அதே பதிவேட்டில் சில பக்கம் முன்னே போனால் 1892 முதல் 1902 வரையான பதினொரு வெற்றுப் பருவங்கள் இருக்கின்றன. 3.1 லட்சத்தைப் பதினொன்றால் பெருக்கினால் 34 லட்சத்து 10 ஆயிரம். வரலாறு காணாத 1905ஆம் ஆண்டின் முழு வருமானமும் அந்த ஓர் இடைவெளியின் குத்தகைக்கே போதாது. இதைக் கண்டுகொள்ளக் கடல் உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெருக்கல் வாய்பாடு போதும்.

கம்பனி செய்த மாற்றத்தின் தன்மை இதுதான்: சிப்பியோடு ஏறி இறங்கிய பங்குமுறையை, சிப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டவேண்டிய நிலையான கடப்பாடாக அது தன் தலையில் ஏற்றிக்கொண்டது. வருமானம் நிலையற்றது, செலவு நிலையானது என்ற இணைப்பைப் போல முதலை விழுங்குவது வேறொன்றில்லை. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. இருபதாண்டு முடியும் முன்னரே குத்தகை கைவிடப்பட்டது. அடுத்த முத்துக்குளிப்பு 1925இல்தான் நிகழ்ந்தது. முழுக்காலமும் குத்தகை ஓடியிருந்தால், 1908 முதல் 1924 வரையான பதினேழு வெற்றுப் பருவங்களுக்கு 52 லட்சத்து 70 ஆயிரம் ரூபா கட்டவேண்டி வந்திருக்கும். அதற்கிடையே யப்பானின் வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையில் இறங்கி விலையையும் ஆட்டங்காணச் செய்துவிட்டன.

இனி இரண்டாவது கணக்கு.

1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அவ்வாண்டு நவம்பரில் உருவானது இலங்கை மின்சார சபை. அதன் பங்கை எவரும் பங்குச்சந்தையில் வாங்கியதில்லை. ஆயினும் கட்டணமும் வரியும் செலுத்திய நாம் அனைவரும் அதன் விரும்பா முதலீட்டாளர்களே. சபையின் ஐந்தொகையில் சொத்து மலைபோல் தெரியும்: அணைகள், நிலையங்கள், கம்பிவடங்கள். ஆனால் அவற்றை விற்றுக் கடன் தீர்க்க முடியாது. எனவே இத்தகைய பொதுப்பயன்பாட்டு நிறுவனத்தில் நாம் பார்க்கவேண்டியது ஓர் அலகை என்ன விலைக்குப் பெறுகிறது, என்ன விலைக்கு விற்கிறது, வழியில் எவ்வளவை இழக்கிறது என்பதையே. கட்டணம் ஒன்பதாண்டுகளாக உயராதிருந்து, 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. உயராதிருந்த ஆண்டுகளில் செலவு மறைந்துவிடவில்லை. வங்கிக் கடனாகவும், எரிபொருள் வழங்குநருக்கும் மின் விற்போருக்கும் உரிய நிலுவையாகவும் ஐந்தொகையின் மறுபக்கத்தில் குந்தியிருந்தது.

அந்தச் சபையின் சொந்தக் காற்றாலைதான் மன்னார்த் தீவின் தம்பபவனி. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனுதவியுடன், தலா 3.45 மெகாவாட் திறனுள்ள 30 காற்றாடிகள், மொத்தம் 103.5 மெகாவாட். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஆண்டு முழுதும் ஒரு கணமும் ஓயாது முழுத்திறனில் சுழன்றால் ஏறத்தாழ 90 கோடியே 66 லட்சம் அலகு கிடைக்கும். அவ்வாறு எந்தக் காற்றாலையும் சுழல்வதில்லை. சோழகம் வீசும் மாதங்கள் வேறு, வாடை வேறு, இடையே காற்று விழும் மாதங்கள் வேறு. ஆகவே காற்றாலைக்குக் கடன் தரும் வங்கிகள் சிறந்த ஆண்டைக் கேட்பதில்லை; பத்தில் ஒன்பது ஆண்டுகளில் குறையாது கிடைக்கும் அளவு எது என்றே கேட்கின்றன. 1906இன் இலண்டன் பங்குதாரர் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.

அதானி கிறீன் எனர்ஜி மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திறனில் காற்றாலை அமைக்க முன்வந்தது. 2024 மே மாதம் அமைச்சரவை இருபதாண்டுக்கு அலகொன்று 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு இணங்கியது. போட்டி விலைமனு கோரப்படவில்லை. ஆட்சி மாறியபின் விலை மீளாய்வுக்கு உட்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே காலத்தில் மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்குப் போட்டி விலைமனு மூலம் ஹேலீஸ் குழும நிறுவனம் ஒன்று முன்வைத்த விலை 4.65 சதம். இரண்டுக்கும் இடையே 3.61 சதம். சிறு காசுதான். ஆனால் ஒரு கோடி அலகுக்கு அது 3 லட்சத்து 61 ஆயிரம் டொலர். அதை இருபதாண்டால் பெருக்கிக்கொள்க. சபையின் வருமானமோ ரூபாவில். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 வரை பாய்ந்ததை நாம் மறக்கவில்லை.

இரு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகும். 1906இல் அரசு நிலையான வருமானத்தைப் பெற்றது, இடர் கம்பனிக்கு. 2024இன் ஒப்பந்தத்தில் காற்று குறையும் இடர் மட்டுமே கம்பனிக்கு. விலையும் நாணய மாற்றும் சார்ந்த இடர் சபைக்கு, அதாவது மின்பட்டியல் கட்டும் குடும்பங்களுக்கு. கட்டணமோ அலகோ நிலையானது என்று எங்கேனும் எழுதியிருந்தால், அந்நிலைமையின் விலையை யார் கொடுக்கிறார் என்று தேடுவதே முதலீட்டாளரின் முதல் வேலை.

இரண்டாம் கணக்கில் எழுதப்படாத நிரல் ஒன்றும் உண்டு. பழைய கொட்டில் குளியாளிக்கு மூன்றிலொரு பங்கு கையிற் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் அமர்ந்தபோது கேட்டது இதையே: மழைவெள்ளம் வடிய வழியின்றித் தேங்கினால், கரைவலை இழுக்கும் இடம் சுருங்கினால், அது யாருடைய செலவு? கணக்காய்வாளர் கையொப்பமிடும் எந்தக் கூற்றிலும் அச்செலவு வருவதில்லை. வராத செலவு இல்லாத செலவாகாது.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தது. அத்தகைய கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் வண்ணப்படங்களுடன் வெளிவரும். கையில் எடுக்கும் வாசகர்கள் கொள்முதல் ஒப்பந்தக் குறிப்புகளுக்கு நேரே செல்லுங்கள். எத்தனை ஆண்டு, எந்த நாணயம், எவர் தலையில் இடர் என்று பாருங்கள். சிறந்த ஆண்டைக் காட்டி எவரேனும் பங்கு விற்க வந்தால், மோசமான பதினோராண்டு எப்படியிருந்தது என்று கேளுங்கள்.