நாடு கடந்து மீண்ட வெள்ளை மான்



ஓமான் நாட்டின் நடுவே ஜித்தத் அல் ஹராசிஸ் என்றொரு பெருஞ்சமவெளி உண்டு. கல்லும் மணலும் பரந்து கிடக்கும் பாலை அது. ஆறு இல்லை, குளம் இல்லை. ஆண்டுக்கணக்கில் மழை பொய்ப்பதும் உண்டு. 1972ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே எஞ்சியிருந்த கடைசி ஓரிக்ஸ் மந்தையும் வேட்டைக்காரர்களுக்கு இரையாயிற்று. அதன் பின்னர் அரேபிய ஓரிக்ஸ் என்னும் அந்த வெள்ளை மான் தன் சொந்த மண்ணில் இல்லாமற் போயிற்று.

மான் என்று நாம் சொன்னாலும், அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உறவான இனம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஈட்டி போன்ற நீண்ட கொம்புகள். அதன் வெண்ணிற ரோமம் வெயிலைத் திருப்பி அடிக்கும்; அகன்ற குளம்பு மணலில் புதையாது. உச்சிவேளையில் ஏதேனும் ஒரு மரத்தடியில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகே மேயப் புறப்படும். அரபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி இரவில் செடிகளின்மேல் நீராய்ப் படிகிறது. அந்த ஈரத்தை இலையோடு சேர்த்துத் தின்றே, தண்ணீர் குடிக்காமல் பல வாரங்கள் வாழ்ந்துவிடும். விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குள் நடந்து கால்சட்டை நனைந்தவர்களுக்கு, இலையில் எவ்வளவு நீர் தங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைவில் மழை பெய்த இடத்தில் புல் முளைத்தால், இரவோடிரவாக நெடுந்தூரம் நடந்து அங்கே போய்ச் சேரும்.

ஒட்டகத்தில் வந்த வேடனிடமிருந்து அது ஓரளவு தப்பியது. மோட்டார் வண்டியும் நவீனத் துப்பாக்கியும் வந்த பிறகு தப்ப வழியில்லை. வெட்டவெளியில் வெள்ளை உடம்பு எங்கே ஒளியும்?

நல்லவேளையாக, சிலர் முன்கூட்டியே விழித்துக்கொண்டனர். 1962இல் மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில் ஒரு குழு அன்றைய ஏடன் பகுதிப் பாலைவனத்தில் அலைந்து நான்கு ஓரிக்ஸ்களைப் பிடித்தது. ஒன்று இறந்துபோனது. மூன்று மிஞ்சின. லண்டன் மிருகக்காட்சிசாலை ஒன்றும், குவைத்திலிருந்து ஒன்றும், சவூதி மன்னர் நான்கும் கொடுத்தார்கள். ஆக ஒன்பது. அவற்றை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் வளர்த்தார்கள். அங்கும் வறண்ட வெயில்தான், மந்தை பெருகியது.

ஓமான் மன்னர் சுல்தான் காபூஸ் அவற்றைத் திரும்பக் கொண்டுவர விரும்பினார். 1982 ஜனவரியில் யாலூனி என்னுமிடத்தில் பத்து ஓரிக்ஸ்கள் திறந்துவிடப்பட்டன. காவலுக்கு அமர்த்தப்பட்டவர்கள் அந்தச் சமவெளியிலேயே ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் ஹராசிஸ் மக்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. வெளியூர்க்காரருக்கு வெறும் மணலாகத் தெரியும் இடத்தில், குளம்படியைப் பார்த்தே மந்தை போன திசையைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது கூலியுள்ள வேலையாகவும் அமைந்தது.

1996 வாக்கில் மந்தை நானூறைத் தாண்டியது. அப்போதுதான் இரண்டாவது ஆபத்து வந்தது. இம்முறை வந்த திருடர்கள் கொல்ல வரவில்லை. செல்வந்தர்களின் தனியார் பண்ணைகளுக்கு விற்க உயிரோடு பிடிக்க வந்தார்கள். குட்டி ஈனும் பெண் ஓரிக்ஸ்களுக்கே விலை அதிகம். பிடிக்கும்போதே பல மாண்டன. சில ஆண்டுகளில் மந்தை சிதைந்தது; காவலர்கள் எஞ்சியவற்றில் பலவற்றைப் பிடித்து வேலிக்குள் அடைத்துக் காப்பாற்றினார்கள்.

1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்தச் சரணாலயத்தை, ஓமான் அரசு எண்ணெய் தேடுவதற்காகத் தொண்ணூறு விழுக்காடு சுருக்கியது. 2007இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். அப்போது அங்கே இருந்தவை ஏறத்தாழ 65 ஓரிக்ஸ்களே.

ஆனால் பீனிக்ஸ் மந்தையின் வழித்தோன்றல்கள் அதற்குள் வேறு நாடுகளிலும் கால் ஊன்றிவிட்டன. சவூதி அரேபியாவிலும் இஸ்ரேலிலும் ஐக்கிய அரபு சிற்றரசுகளிலும் அவை விடப்பட்டன. 2011இல் காட்டில் வாழ்பவை சுமார் ஆயிரம் என்று கணக்கிடப்பட்டு, அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏற்றப்பட்டன.