விரிவுரைப் பதிவும் வினாவின் இடமும்

வகுப்பில் ஆற்றிய விரிவுரையை மாணவரின் நினைவும் குறிப்பேடுமே நெடுங்காலம் தாங்கி வந்தன. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் ஒளிநாடாப் பதிவுக் கருவியை வெளியிட்டது. அதன் பின்னர், ஆசிரியரின் பேச்சையும் கரும்பலகை எழுத்தையும் ஒருங்கே பதிந்து உடனே மீட்டுக் காணும் வழி பிறந்தது. அங்ஙனம் பதிந்த விரிவுரை கல்விக்கு எத்துணைப் பயன்படும் என்பதற்குக் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தின் வரலாறு தக்க சான்றாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

1969ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் தன் பொறியியல் வகுப்புகளைத் தொலைக்காட்சி வழியே அண்மையிலிருந்த தொழில் நிறுவனங்களுக்கு ஒளிபரப்பத் தொடங்கிற்று. பொறியாளர் தம் பணியிடத்திலிருந்தே வகுப்பைக் கண்டனர். ஒலித்தொடர்பு வழியே ஆசிரியரை வினவவும் அவர்க்கு இயன்றது. ஆயின், ஹியூலட்-பேக்கர்டு நிறுவனம் வடக்கே சாந்தா ரோசா நகரில் கிளை அமைத்தபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. அந்நகர் ஒளிபரப்பின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்குப் பணிபுரிந்தோர்க்கு ஒளிநாடாக்களை அனுப்புதல் எளிது. ஆனால் நாடாவை வினவுதல் எங்ஙனம்?

மின்பொறியியற் பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ் 1970களின் முற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். வழக்கமான வகுப்பு விரிவுரை ஒத்திகையின்றி உள்ளவாறே பதியப்பட்டது. அதனைச் சிறு குழுவினர் ஒருங்கமர்ந்து கண்டனர். உடன் ஒரு துணையாசிரியர் இருந்தார். ஐயம் எழுந்த இடத்தில் எவரும் நாடாவை நிறுத்தச் சொல்லலாம். ஐயம் தீர்ந்த பின்னரே நாடா மீண்டும் ஓடும். துணையாசிரியர் அத்துறையில் பெரும்புலமை உடையவராதல் வேண்டும் என்பதில்லை. உரையாடலைத் தூண்டவல்லவராயின் போதும். கிப்பன்ஸும் அவர்தம் துணைவரும் இதன் விளைவை 1977இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இம்முறையிற் பயின்றோர், நேரில் வகுப்பிலிருந்து கற்றோர்க்குத் தாழாத தேர்ச்சி பெற்றனர் என்பதே அதன் முடிபு.

பணியனுபவமும் ஊக்கமும் மிக்க பொறியாளர் எம்முறையிலும் தேர்ச்சி பெறுவரன்றோ எனின், அத்தடை முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும், பல்கலைக்கழகத்தின் வழக்கமான சேர்க்கைத் தகுதியை எய்தாத சிலரும் அக்குழுக்களில் நன்கு பயின்றனர். ஆதலின் முறைக்கும் ஒரு பங்குண்டு எனக் கொள்ளுதலே பொருந்தும்.

இவ்விடத்து நன்னூலார் பொதுப்பாயிரத்திற் கூறும் கணக்கு நம் நினைவிற்கு வருகின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர்க்கு வாய்ப்பது கால்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் நிரம்பும். கிப்பன்ஸ் இந்நூலை அறிந்திருந்தார் என்பது நம் கருத்தன்று. ஒளிநாடா தாங்கிச் செல்வது முதற் காற்பங்கினையே என்பதும், சாந்தா ரோசாக் குழுவினர் தம்முள் உசாவியும் ஒருவர்க்கொருவர் விளக்கியும் ஏனைய பங்குகளை ஈட்ட முயன்றனர் என்பதுமே நாம் கருதுவன.

பிற்காலத்தில் பதிவுகளின் பரப்பு பெருகிற்று. மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனம் 2001இல் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்களின் விரிவுரைகள் பதிவாயின. சிற்றூர்க் கல்லூரி மாணவரும் இன்று அவற்றைக் கேட்கலாம். இது பெரும்பேறே. ஆயினும், கேட்பவர் பெரும்பாலும் தனியே அமர்ந்து கேட்கின்றார். நிறுத்தும் விசை அவர் கையில் இருக்கின்றது. நிறுத்திய பின் வினவுதற்கு அருகில் எவரும் இலர்.

ஆதலின், விரிவுரைகளைப் பதிந்து வைக்கும் பல்கலைக்கழகங்கள் அத்துடன் அமைதல் சாலாது. பதிவைக் கூடியிருந்து காண ஓர் அறையும், வாரத்திற் சில மணி நேரமும், இடையே நிறுத்தி உசாவ ஒரு துணையாசிரியரும் வேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு பதிவுக் கருவிகளின் செலவை நோக்கச் சிறிதே. சாந்தா ரோசாவில் நாடா பயன் தந்தது அதனை இடையிடையே நிறுத்தியமையால் என்பது நம் துணிபு.