யு, ஏ, யு/ஏ: குழந்தையின் பக்கத்தில் உட்காருவது யார்?

சினிமா தொடங்கும் முன் திரையில் சில விநாடிகள் தணிக்கைச் சான்றிதழ் தோன்றும். அதிலுள்ள எழுத்துக்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் குழந்தைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று இந்த நாடு 75 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் விவாதம் அந்த எழுத்துக்களில்தான் அடங்கியிருக்கிறது.

1949இல் சினிமா சட்டம் திருத்தப்பட்டு 'யு', 'ஏ' என்ற இரண்டு பிரிவுகள் வந்தன. 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். பின்னர் கே.ஏ. அப்பாஸ் என்ற இயக்குநர், சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த குறும்படத்துக்கு 'யு' கிடைக்காமல் வழக்குத் தொடுத்தார். 1970இல் உச்ச நீதிமன்றம் தணிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சினிமா மற்ற கலைகளைவிட ஆழமாக மனதைத் தொடும், சிறுவர்கள் திரையில் காண்பதை எளிதில் நம்பிவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இதையே அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் சோதனை செய்து பார்த்திருந்தார். 1961இல் 72 சிறு குழந்தைகளை வைத்து அவர் நடத்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அப்படியே அடித்தார்கள். 1963இல் அதைப் படமாகக் காட்டியபோதும் அதேதான் நடந்தது. 1965இல் நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அவரைப் போலச் செய்தார்கள். அடிப்பவர் கைத்தட்டல் வாங்கும் கதாநாயகனாக இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இரக்கம் எங்கிருந்து வருகிறது? அதன் விதை பிறக்கும்போதே இருக்கிறது. பக்கத்துத் தொட்டிலில் ஒரு குழந்தை அழுதால் பச்சைக் குழந்தையும் சேர்ந்து அழும். அந்த விதை வளர ஒரு பெரியவர் தேவை என்றார் மார்ட்டின் ஹாஃப்மன் என்ற அறிஞர். "நீ அடிச்சதுல அவனுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும் பாரு" என்று பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லச் சொல்லத்தான் பிறர் வலி குழந்தைக்குப் புரிகிறது.

1983இல் வந்த 'யு/ஏ' பிரிவு ஏறக்குறைய இதையே சொன்னது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் வழிகாட்ட வேண்டிய பெற்றோர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள்?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பகுதியைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். இங்குள்ள ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் தாய்மார்கள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. பெண் தொழிலாளர்கள் அதிகமுள்ள ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் அது ஆறு வயது வரைதான். 2020இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே ஆறு வயதுதான்.

ஒரு சட்டம் ஆறு வயதோடு நின்றுவிட்டது. இன்னொரு சட்டம் 12 வயது வரை பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றது. இடையிலுள்ள ஆறு ஆண்டுகளில், பள்ளி விட்டு வந்து அம்மா வரும்வரை குழந்தைக்குத் துணை யார்? 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியபோது ஏழைத் தொழிலாளர் வீடுகளுக்கும் பெட்டி வந்து சேர்ந்தது. 'ஏ' சான்று பெற்ற படங்களைக் கேபிளில் ஒளிபரப்பக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2005இல் உத்தரவிட்டிருந்தது. 'யு/ஏ' படங்களுக்கு அந்தத் தடை இல்லை. இன்று பெட்டியின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது.

சட்டம் இன்னும் நுணுக்கமாகியிருக்கிறது. 2024 முதல் 'யு/ஏ' என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்துள்ளது. 2025இல் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' படத்துக்கு 'ஏ' கிடைத்தது. 'யு/ஏ' கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் தொடர்ந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குழந்தைகளும் பெரிய நடிகர்களின் ரசிகர்கள். அவர்கள் வந்தால் குடும்பத்தோடு வருவார்கள், டிக்கெட் விற்கும். சந்தைக் கணக்கு அது.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ஒரு சிறுவனைத் திருப்பி அனுப்பலாம். வீட்டுக்குள் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. எனவே தணிக்கை வாரியத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாலை நேரப் படிப்பகம், ஊர் நூலகம், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இடம் தரும் காப்பகம், கொஞ்சம் முன்னதாக முடியும் ஷிஃப்ட் ஆகியவையும் குழந்தையைக் காக்கும் ஏற்பாடுகளே. அடிபட்டவனுக்கு வலிக்கும் என்று சொல்லிக் கொடுக்க ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வேலையைச் சான்றிதழ் செய்யாது.