கிம்மரிட்ஜ் களிப்பாறை

கிம்மரிட்ஜ் களிப்பாறை என்பது இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியின் கடலோரச் செங்குத்துப் பாறைகளில் வெளித்தெரியும் கருநிறப் படிவம். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், கடலடியில் சேறாகப் படிந்து இறுகியது. இதே அடுக்கு வடகடலுக்கு அடியிலும் பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பிரிட்டனும் நார்வேயும் வடகடலில் எடுத்த எண்ணெயில் பெரும்பங்கு இந்தப் பாறைக்குள் உருவானதே.

எண்ணெய்க்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் இதைப் பயன்படுத்தினார்கள். வளம் மிகுந்த அடுக்கான பிளாக்ஸ்டோனைக் கத்தியால் கீறினால் பழுப்புத் தூள் உதிரும். நெருப்பில் இட்டால் கரும்புகையும் கந்தக நாற்றமுமாக எரியும். உரோமர் காலத்தில் இதே படிவத்தின் களிப்பாறையைக் கடைசல் பிடித்து வளையல் செய்தார்கள். கடைந்தபின் மிஞ்சிய நடுவட்டுகள் பின்னாளில் மண்ணிலிருந்து கிடைத்தபோது, அவை பழைய காசுகள் என்று ஊரார் எண்ணினர். 17ஆம் நூற்றாண்டில் உள்ளூர் நிலக்கிழார் சர் வில்லியம் கிளாவெல் இந்தப் பாறையை எரித்துக் கண்ணாடி காய்ச்சினார். 1826இல் ரிங்ஸ்டெட் விரிகுடா அருகே கரைப்பாறை தானாகவே தீப்பற்றிச் சில ஆண்டுகள் புகைந்துகொண்டிருந்தது.

இவ்வளவு எரிந்தாலும் டார்செட் கரையிலுள்ள இந்தப் பாறையில் எண்ணெய் இல்லை; இருப்பது கெரோஜன் என்னும் கரையாத கரிமப் பொருள். ஜுராசிக் கடலின் அடியில் ஆக்சிஜன் அரிதாக இருந்தது. பாசிகளும் மிதவை நுண்ணுயிர்களும் செத்து விழுந்து, முழுதாக மட்காமல் சேற்றோடு புதைந்தன. அந்த எச்சமே கெரோஜன்.

எண்ணெய் உயிர்களிலிருந்து வந்தது என்பது எளிதில் ஏற்கப்படவில்லை. பூமியின் ஆழத்தில் உலோகக் கார்பைடுகளும் நீரும் வினைபுரிந்து எண்ணெய் உண்டாகிறது என்று ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1877இல் வாதிட்டார். ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் 1934இல் கச்சா எண்ணெயில் போர்ஃபிரின்களைக் கண்டறிந்தார். அவை இலைப் பச்சையத்தின் உறவுப் பொருள்கள். உயிரற்ற வேதிவினை அவற்றை உண்டாக்கியிருக்கும் என்று சொல்ல வழியில்லை. எண்ணெய்ப் புவியியலில் இதைவிட உறுதியான தடயம் அதுவரை யாருக்கும் கிட்டியதில்லை.

கெரோஜன் எப்போது எண்ணெயாகிறது என்பதை அளந்து காட்டியவர்களில் பிரான்சின் பெர்னார்ட் டிசோவும் ஜெர்மனியின் டீட்ரிக் வெல்ட்டேயும் முதன்மையானவர்கள். இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. பாறை புதைந்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸை எட்டும்போது மாற்றம் தொடங்குகிறது. 100 டிகிரியைச் சுற்றி மும்முரமடைகிறது. 150 டிகிரியைத் தாண்டினால் எண்ணெயும் உடைந்து வாயுவாகிறது. இதற்குப் பல பத்து லட்சம் ஆண்டுகள் பிடிக்கும்.

உண்டான எண்ணெய் வெளியே வருவதுதான் இந்தக் கதையில் மிகக் கடினமான கட்டம். களிப்பாறையின் நுண்துளைகள் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியவை. எண்ணெய் அவற்றில் எளிதில் நகராது. முதலில் உருவாகும் எண்ணெயைக் கெரோஜனே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அது நிறைந்த பிறகுதான் மிச்சம் துளைகளுக்கு வரும். திடமாக இருந்த பொருள் திரவமாகவும் வாயுவாகவும் மாறும்போது கூடுதல் இடம் கேட்கிறது. மேலிருக்கும் பாறையின் எடையும் அழுத்துகிறது. உள்ளழுத்தம் மிகுந்து பாறையில் மயிரிழை விரிசல்கள் விழ, எண்ணெய் அவற்றின் வழியே வெளியேறுகிறது. கெரோஜன் குறைவான களிப்பாறையில் இந்த நிலை வருவதே இல்லை. உண்டான எண்ணெய் உள்ளேயே தங்கி, பிறகு வாயுவாகிவிடும். ஆகவே ஒரு பாறையில் எண்ணெய் உருவானது என்ற செய்தி மட்டும் எண்ணெய் தேடுபவருக்குப் போதாது.

வடகடலில் இந்தப் பாறை ஆழப் பள்ளங்களில் 3 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்து தேவையான சூட்டைப் பெற்றது. அங்கிருந்து வெளியேறிய எண்ணெய் மேலேறி, 1969இல் கண்டறியப்பட்ட எக்கோஃபிஸ்க் வயலின் சுண்ணப்பாறைகளில் தேங்கியது. 1971இல் கிடைத்த ப்ரென்ட் வயல், நம் நாளிதழ்கள் தினமும் போடும் கச்சா எண்ணெய் விலைக்குப் பெயர் தந்தது. அதன் மணற்பாறை கிம்மரிட்ஜைவிட வயதில் மூத்தது. இளைய பாறையின் எண்ணெய் மூத்த பாறைக்குள் எப்படிப் போனது? நிலப்பிளவுகளால் அந்த மணற்பாறைப் பாளங்கள் சாய்ந்து உயர்ந்தன. பக்கத்துப் பள்ளத்தில் கிம்மரிட்ஜ் அவற்றைவிடக் கீழே இறங்கிவிட்டது. எண்ணெய் வழக்கம்போல மேல்நோக்கித்தான் போயிற்று.

டார்செட்டில் அவ்வளவு ஆழம் வாய்க்கவில்லை. கிம்மரிட்ஜ் விரிகுடாவின் கரைப்பாறை மேல் 1959இல் தோண்டிய கிணறு எண்ணெய் தந்தது உண்மை. ஆனால் அந்த எண்ணெய் இன்னும் கீழே உள்ள, இன்னும் பழைய லயாஸ் களிப்பாறையில் பிறந்தது. கிணற்றைச் சுற்றிக் கண்முன் தெரியும் கிம்மரிட்ஜ் பாறை அங்கே ஒரு சொட்டும் தந்ததில்லை.