நாயின் கழுத்துப் பட்டி

நாயின் கழுத்திற் கிடக்கும் பட்டி அளவிற் சிறியது, விலையிலும் பெரியதன்று. ஆயினும், மனிதன் தன்னை அண்டி வாழும் உயிரை எவ்வாறு நடத்தினான் என்பதை அறிய விரும்புவோருக்கு அது நல்லதொரு சான்றாகும். கல்வெட்டுகள் மனிதன் பிறருக்குச் சொல்ல விரும்பியவற்றைக் கூறும். கழுத்துப் பட்டியோ அவன் நாள்தோறும் செய்தவற்றைக் கூறும்.

நாயை வாரிற் பிணித்து நடத்தும் வழக்கம் மிகத் தொன்மையானது. அராபியாவின் வட பகுதியிலே சுவைமிஸ், ஜுப்பா என்னும் இடங்களிற் பாறைகளிற் செதுக்கப்பட்ட வேட்டைக் காட்சிகள் பல உள. சிலவற்றில் நாயின் கழுத்திலிருந்து வேடனின் இடுப்பு வரை ஒரு கோடு செல்கின்றது. அதனை வார் என்றே ஆய்வாளர் கருதுவர். இவ்வாராய்ச்சி 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இச்சித்திரங்கள் ஏறக்குறைய 8000 ஆண்டுகட்கு முற்பட்டனவாக இருக்கலாம் என மதிப்பிடப்படுகின்றது. வார் இடுப்பிற் கட்டப்பட்டமையால், வில்லேந்துதற்கு வேடனின் இரு கைகளும் ஓய்ந்திருந்தன.

எகிப்திலே அரசர் பள்ளத்தாக்கில் மைகர்பிரி என்னும் பிரபுவின் கல்லறை 1899 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அதனுள்ளே நாய்க்குரிய அழகிய தோற் பட்டிகள் இரண்டு இருந்தன. அவை ஏறக்குறைய 3400 ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. ஒன்றிலே நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது. 'நகரத்துக்குரியவள்' என்பது அப்பெயரின் பொருள். பெயரிட்டு வளர்த்த நாயின் பட்டியைத் தன்னோடு கல்லறைக்குக் கொண்டு சென்ற மனிதனுக்கு, அந்நாய் வெறும் உடைமைப் பொருளாக இருந்திராது.

பட்டி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்ந்து எழுதியவர்களிற் பழையவர் கிரேக்க அறிஞர் செனபோன். கி.மு. 4 ஆம் நூற்றாண்டினரான அவர், வேட்டை பற்றிய தம் நூலில், நாயின் மயிர் தேயாதவாறு பட்டி மென்மையும் அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்றார். பட்டியும் வாரும் ஒன்றாகவே இணைந்திருந்தால் நாயைச் செவ்வனே நடத்த இயலாது என்பதும் அவர் கண்ட உண்மை.

உரோம அறிஞர் வரோ தமது எண்பதாவது வயதில், கி.மு. 37 ஆம் ஆண்டளவில், வேளாண்மை பற்றி ஒரு நூல் இயற்றினார். மந்தை காக்கும் நாய்க்கு உறுதியான தோற் பட்டி அணிவித்தல் வேண்டும்; ஓநாய் கடிக்க அஞ்சுமாறு அதில் ஆணிகள் புறம் நோக்கி நிற்றல் வேண்டும் என்று அவர் எழுதினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. இரும்பின் கடுமை நாயின் கழுத்தை வருத்தாதிருக்க, ஆணித் தலைகளின்மேல் உட்புறமாக மென்தோல் வைத்துத் தைத்தல் வேண்டும் என்றும் விதித்தார். கூர்முனை பகைவனுக்கு, மென்தோல் காவலனுக்கு.

காலப்போக்கில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. ஐரோப்பாவில் வேட்டை நாய்களைப் பழக்கியோர் சிலர் ஆணியின் முனையை உட்புறமாகத் திருப்பினர். ஓநாயை விலக்குதற்கு எழுந்த கருவி நாயையே வருத்தும் கருவியாயிற்று. அக்காலத்தும் மாற்றுக் கருத்துடையோர் இல்லாமலில்லை. ஹச்சின்சன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1848 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நாய்க்கு வெகுமதி அளித்துப் பயிற்றுதலைப் பெரிதும் வலியுறுத்தினார்.

1910 ஆம் ஆண்டில் ஜேர்மானியப் பொலிஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ற் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நன்மை தீமை என்னும் மனித அறத்தை நாய் அறியாது; செயலும் அதனை உடனே தொடரும் விளைவுமே அதற்குப் புரியும் என்று அவர் தெளிவாகக் கூறினார். ஆயினும் அவர் கையாண்ட கருவிகளுள் முட்பட்டியும் இடம்பெற்றது. 1962 இல் அமெரிக்கரான வில்லியம் கேலர் எழுதிய நூல் சங்கிலிப் பட்டியைப் பரப்பியது. 1980 இல் பார்பரா வூட்ஹவுஸ் அம்மையார் பி.பி.சி. தொலைக்காட்சி வாயிலாக அதனை இல்லங்கள்தோறும் அறிமுகஞ் செய்தார்.

சங்கிலிப் பட்டியின் இரு முனைகளிலும் வளையங்கள் உள. வாரை இழுத்தால் அது கழுத்தை இறுக்கும், விட்டவுடன் தளரும். சுண்டுதலினும் தளர்த்துதலே நாய்க்குரிய பாடம். பட்டியை மறுபக்கமாக அணிவித்தால் அது தளராது, இறுகியே நிற்கும். அவ்வாறாயின் பாடமும் இல்லை. வேதனை மட்டுமே எஞ்சும். கைத்திறன் வாய்ந்த ஒருவரிடம் பயன் தந்த கருவி, பழக்கமில்லாத நூறு பேரிடம் துன்பக் கருவியாயிற்று. கழுத்துப் பட்டியோடு நாய் இழுக்கும்போது அதன் கண்ணினுள் அழுத்தம் உயர்வதையும், மார்புப் பட்டியோடு இழுக்கும்போது அவ்வாறு உயராமையையும் 2006 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று.

இதற்கிடையில் வேறொரு வழியும் திறந்தது. உளவியலறிஞர் ஸ்கின்னர் 1951 இல் 'சயன்றிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரையில், விரும்பிய செயல் நிகழும் கணத்திலே ஓர் ஒலியெழுப்பி உணவளித்தால் விலங்கு விரைந்து கற்கும் என விளக்கினார். இக்கருத்து வாரில் நடக்கும் நாய்க்கும் பொருந்தும். நாய் ஏன் இழுக்கின்றது? இழுத்தபோதெல்லாம் அது விரும்பிய இடத்தை அடைந்தது. எனவே, இழுக்கக் கற்பித்தவன் அதனை நடத்திச் சென்றவனே. வார் விறைத்தவுடன் அவன் அசையாது நிற்பானாயின், தளர்ந்தவுடன் நடப்பானாயின், அருகில் வந்தபோது ஒரு துண்டு உணவும் அளிப்பானாயின், இழுப்பதாற் பயனில்லை என்பதை நாய் தானே அறியும். இதற்குச் சங்கிலியும் முள்ளும் வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். ஒரு நாள் நின்று மறுநாள் இழுபட்டுச் செல்பவனுடைய நாய் என்றும் கற்காது.

சட்டங்களும் இத்திசையிற் சென்றுள்ளன. வேல்ஸ் நாடு 2010 இல் மின்னதிர்ச்சிப் பட்டியைத் தடை செய்தது. மோஸ்ற் பிறந்த ஜேர்மனியிலே, பயிற்சியின்போது முட்பட்டியையும் வேதனை தரும் பிற சாதனங்களையும் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2022 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

வரோவின் மென்தோலுக்கும் இவ்விதிக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன. ஆணி எப்பக்கம் நோக்கி நின்றது என்பதைக் கொண்டே அவ்வக்கால மனிதரின் மனத்தை நாம் அளந்தறியலாம். வாரின் ஒரு முனையில் நாய் இருக்கின்றது. மறு முனையில் மனிதன் இருக்கின்றான். நெடுங்காலம் கற்க வேண்டியிருந்தது எம்முனையில் நின்றவர் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.