உருக்குக் கலமும் தாய்மொழிகளும்

பல இனத்தவரும் பல மொழியினரும் வந்து குடியேறி உருவாக்கிய நாடு என்று அமெரிக்காவைப் பற்றி நாம் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். வந்தவர்கள் தத்தம் மொழியை என்ன செய்தார்கள், அதனை என்ன செய்யுமாறு அந்நாடு அவர்களைப் பணித்தது என்பதை அப்பாடங்கள் விரித்துரைப்பதில்லை. நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் கடல் கடந்த நாட்டின் மொழி வரலாற்றுக்கு என்ன இடம் என்று இளைஞர்கள் சிலர் வினவக்கூடும். "எங்களைப் போல் பேசுங்கள், எங்களைப் போல் உடுத்துங்கள், எங்களைப் போல் வாழுங்கள், பிறகு உங்களை எங்களில் ஒருவராக ஏற்போம்" என்னும் சொல் நம் செவிக்கும் புதியதன்று. அச்சொல்லை நம்பியவர்களில் யார் ஏற்கப்பட்டனர், யார் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதை அந்நாட்டு வரலாறு ஆண்டும் நாளுமாகக் காட்டி நிற்கிறது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

குடியேறியோரின் மொழிமீது கொண்ட அச்சம் அந்நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே தோன்றிவிட்டது. அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1732ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் ஜெர்மன் மொழிச் செய்தித்தாள் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்க மண்ணில் வெளிவந்த முதல் ஜெர்மன் இதழ் அதுவே, நெடுநாள் நிலைக்கவில்லை. அதே பிராங்க்ளின் 1751இல் எழுதிய கட்டுரையில், பென்சில்வேனியாவில் பெருகிவரும் ஜெர்மானியர் ஆங்கிலேயராக மாறப்போவதில்லை, நம்மையே ஜெர்மானியராக்கி விடுவார்கள் என்று அஞ்சினார். அத்துடன் நில்லாது, சாக்சன் பகுதியினர் நீங்கலான ஜெர்மானியரை மங்கிய நிறத்தினர் கூட்டத்தில் சேர்த்தார்! இன்று ஐயத்திற்கு இடமின்றி வெள்ளையர் எனக் கருதப்படுவோரின் நிலை அன்று இதுவாக இருந்தது. இருந்தும், 1776ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய செய்தியை முதன்முதலில் வெளியிட்ட செய்தித்தாள், பிலடெல்பியாவின் ஜெர்மன் மொழித் தாளே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை ஓரளவு தளர்ந்திருந்தது. ஓகையோ மாநிலம் 1839இல் இயற்றிய சட்டத்தின்படி, பெற்றோர் விரும்பினால் பொதுப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியிலும் கற்பிக்கலாம். சின்சினாட்டி நகரில் பிள்ளைகள் இரு மொழிகளிலும் பயின்றனர். விஸ்கான்சின் மாநிலம் 1889இல், எல்லாப் பள்ளிகளிலும் அடிப்படைப் பாடங்களை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று சட்டம் செய்தபோது, ஜெர்மானியர் வாக்குச் சீட்டால் விடையிறுத்தனர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுநர் தோற்றார். 1891இல் சட்டம் நீக்கப்பட்டது. எண்ணிக்கையும் வாக்கும் ஒருசேர இருந்தவர்களுக்கு மொழியைக் காப்பது கடினமாக இருக்கவில்லை.

1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஒன்பது கோடிக்குச் சற்று மேற்பட்ட அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர், போலந்தியர், யூதர், கிரேக்கர் எனப் பலரும் ஆலைகளை நாடி வந்தனர். இவர்களையெல்லாம் எவ்வாறு ஒரே மக்களாக்குவது என்ற வினாவுக்கு விடையாக ஓர் உவமை புகழ்பெற்றது. இஸ்ரேல் சாங்வில் என்னும் ஆங்கில யூத எழுத்தாளர் எழுதி 1908இல் வாஷிங்டனில் அரங்கேறிய நாடகத்தின் பெயரே அது: உருக்குக் கலம். பல உலோகங்கள் ஒரே கலத்தில் உருகிப் புதிய உலோகமாவதுபோல் பல இனத்தவரும் உருகிப் புதிய அமெரிக்கராவர் என்பது கருத்து. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்நாடகத்தை நேரில் கண்டு பாராட்டினார்.

மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு இவ்வுவமையைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார் போலும். 1914இல் அவர் தம் தொழிலாளருக்கென ஆங்கிலப் பள்ளி ஒன்றை நிறுவினார். அதன் பட்டமளிப்பு விழா மேடையில் மாபெரும் பானை ஒன்று வைக்கப்பட்டது. தொழிலாளர் தத்தம் நாட்டு உடையில், மூட்டை முடிச்சுடன், கப்பலிலிருந்து இறங்குவதுபோல் வந்து பானைக்குள் இறங்குவர். ஆசிரியர்கள் நீண்ட அகப்பைகளால் பானையைக் கிண்டுவர். உள்ளே போனவர்கள் அமெரிக்க உடை அணிந்து, கையில் கொடி ஏந்தி வெளியே வருவர். நாள் ஒன்றுக்கு 5 டாலர் என்னும் அந்நாளைய பெருங்கூலி பெற விரும்பிய தொழிலாளியின் வீட்டுக்குள் நிறுவனத்தின் ஆய்வாளர் புகுந்து, சமையலறையையும் படுக்கையறையையும் பார்த்துக் குறிப்பெழுதினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கூலி கொடுப்பவன் உழைப்பை மட்டும் வாங்குவதில்லை என்பதைக் கூலிக்காரர் குடும்பங்களில் பிறந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அதுவரை மதிக்கப்பட்ட ஜெர்மன் மொழி ஒரே நாளில் பகைவன் மொழியாயிற்று. தெருக்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. ஜெர்மானியரின் புளித்த முட்டைக்கோசு உணவுக்கு 'விடுதலைக் கோசு' என்று பெயர் சூட்டப்பட்டது. இதனை நகைத்து ஒதுக்கலாம். ஆனால் இலினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் ஊரில் 1918 ஏப்ரல் 5ஆம் நாள் இராபர்ட் பிரேகர் என்னும் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளியை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிட்டுக் கொன்றதையும், வழக்கில் அனைவரும் விடுதலை செய்யப்பட்டதையும் நகைத்து ஒதுக்க முடியாது. அடுத்த மாதமே அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங் ஓர் ஆணை பிறப்பித்தார். பள்ளியில், பொது இடத்தில், புகைவண்டியில், தொலைபேசியில், தேவாலய வழிபாட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது! போரில் அமெரிக்காவுக்குப் பகையாக இராத டேனிஷ், நார்வே, செக் மொழியினரும் இவ்வாணையில் அகப்பட்டனர்.

போர் ஓய்ந்தும் சட்டங்கள் ஓயவில்லை. நெப்ராஸ்கா மாநிலம் 1919 ஏப்ரலில், எந்தப் பள்ளியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்தலாகாது, எட்டாம் வகுப்பைத் தேறாத பிள்ளைக்கு வேறு மொழியே கற்பிக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. அம்மாநிலத்தின் ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் லூத்தரன் சபைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கு இராபர்ட் மேயர் என்பவர் ஆசிரியர். பிள்ளைகள் தங்கள் பெற்றோருடன் சேர்ந்து வழிபடத் தம் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது அச்சபையாரின் விருப்பம். ஆகவே பாட நேரத்தைத் தவிர்த்து, நண்பகல் இடைவேளையை நீட்டி, அந்நேரத்தில் ஜெர்மன் மொழியில் விவிலியக் கதைகளைப் படிக்கச் செய்தனர். 1920 மே 25ஆம் நாள், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தபோது மாவட்ட அரசு வழக்கறிஞர் வகுப்பறைக்குள் நுழைந்தார். மேயர் அவரைக் கண்டார். புத்தகத்தை மூடிவிட்டு ஆங்கிலத்திற்கு மாறியிருக்கலாம், மாறவில்லை. நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டம் 25 டாலர். அதனைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்காமல் அவர் வழக்காடினார். மாநிலத்தின் மேல் நீதிமன்றம் கைவிட்டது. 1923 ஜூன் 4ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நோக்கம் நல்லதாகவே இருப்பினும் அதனைத் தடுக்கப்பட்ட வழியில் அடைய முயலக்கூடாது. ஆங்கிலம் பிறப்பால் பேசுவோர்க்கு உள்ள அரசியல் சட்டக் காப்பு பிற மொழி பேசுவோர்க்கும் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியை நெறிப்படுத்தும் உரிமைக்கு அந்நாட்டில் இன்றும் இத்தீர்ப்பே மேற்கோள்.

இத்துடன் நிறுத்தினால் வரலாறு இனிப்பாகவே இருக்கும். ஆனால் அதே நீதிமன்றம் அதே 1923இல், ஏறத்தாழ மூன்றரை மாதங்களுக்கு முன் பிப்ரவரி 19ஆம் நாள், வேறொரு தீர்ப்பை வழங்கியிருந்தது. பகத்சிங் திந்த் என்பவர் பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியர். கலிபோர்னியாவில் பயின்றவர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அந்நாட்களில் பிற நாட்டில் பிறந்து குடியுரிமை கோருவோர் 'வெள்ளையர்' ஆகவோ ஆப்பிரிக்க மரபினர் ஆகவோ இருத்தல் வேண்டும். வெள்ளையர் மட்டும் என்னும் விதியே தவறு என்று அவர் தரப்பு வாதிடவில்லை. தாம் உயர்சாதி ஆரியர், ஆதலால் வெள்ளையரே என்பதுதான் வாதம். உயர்சாதி இந்து இந்நாட்டுப் பழங்குடி மக்களுடன் மணவுறவு கொள்வதை எவ்வாறு வெறுக்கிறானோ, அவ்வாறே அமெரிக்க வெள்ளையன் கறுப்பினத்தவருடன் கொள்வதை வெறுக்கிறான். ஆகவே நாங்கள் உங்களைச் சேர்ந்தவர்கள் என்றும் எழுதிக் கொடுத்தனர்! தீண்டாமையைக் கப்பலில் ஏற்றிச் சென்று சான்றிதழாகக் காட்டிய இவ்வாதத்தை நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வாதம் பலிக்கவில்லை. ஐரோப்பியரின் பிள்ளைகள் விரைவில் மக்களோடு கலந்து தம் மூலத்தின் அடையாளத்தை இழந்துவிடுவர், இந்துப் பெற்றோருக்கு அங்குப் பிறக்கும் பிள்ளைகளோ மரபின் அடையாளத்தை என்றும் சுமந்திருப்பர் என்றார் நீதிபதி சதர்லண்ட். அதாவது, ஹாம்ப்டன் ஊர்ச் சிறுவன் நாளடைவில் ஜெர்மன் மொழியை விட்டுவிட்டால் கலத்தில் கரைந்துவிடுவான். திந்த் எத்துணை நன்றாக ஆங்கிலம் பேசினாலும் கரையமாட்டார். மொழியைப் பற்றிப் பேசியவர்கள் உண்மையில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர் என்பது இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது விளங்குகிறது. இந்தியர்க்குக் குடியுரிமை பெறும் வழி 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் திறந்தது.

மேயர் வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் எத்தகையவர் என்பதும் அறியத்தக்கது. உடன் அமர்ந்த யூத நீதிபதியோடு பேச மறுத்தவர் அவர். 1938இல் லாயிட் கெயின்ஸ் என்னும் கறுப்பின மாணவருக்கு மிசௌரி மாநிலச் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட வழக்கில், கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் வாதாடத் தொடங்கியதும் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி அமர்ந்தார். பெரும்பான்மை நீதிபதிகள் மாணவர் பக்கம் நின்றனர், இவர் மாறுபட்டார்.

கறுப்பின மக்களின் நிலையே இப்பொருளில் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டியது. அவர்கள் குடியேறவில்லை, பிடித்து வரப்பட்டவர்கள். ஆப்பிரிக்க மொழிகள் ஒருசில தலைமுறைகளில் அவர்களிடமிருந்து அற்றுப்போயின. ஆங்கிலமே அவர்கள் பேச்சு. பெரும்பாலோர்க்குக் கிறித்தவமே சமயம். உருக்குக் கலத்தின் கட்டளைகள் அனைத்தையும் நிறைவேற்றிய மக்கள் உண்டெனில் அவர்கள் இவர்களே. எனினும் 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு புகைவண்டியில் அவர்களுக்குத் தனிப் பெட்டியைச் சட்டமாக்கியது; தனிப் பள்ளி தவறு என்று சொல்ல 1954ஆம் ஆண்டு வரை ஆயிற்று. ஊரின் மொழியையே பேசி, ஊரின் தெய்வத்தையே வணங்கி, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மக்கள் எங்கெங்கும் உண்டு.

இவ்விவாதங்கள் உச்சத்தில் இருந்த 1913 முதல் 1916 வரை, நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் மாணவராக இருந்தார். 1915இல் ஹொரேஸ் காலன் என்னும் அறிஞர் உருக்குக் கலத்தை மறுத்து, பல வாத்தியங்கள் இசைக்கும் இசைக்குழு என்னும் உவமையை முன்வைத்தார். ஒவ்வோர் இனமும் தன் இசையை மீட்கட்டும் என்றவர், கறுப்பின மக்களுக்கு அக்குழுவில் எவ்விடம் என்று சொல்லவில்லை. அண்ணலின் ஆசிரியர் ஜான் டூயி இவ்வுவமையை வரவேற்றார். ஆனால் வாத்தியங்கள் தனித்தனியே ஒலித்தால் போதாது, ஒன்றையொன்று செவிமடுத்து உண்மையான கூட்டிசை எழ வேண்டும் என்றார். 1916 மே மாதத்தில் அண்ணல் அப்பல்கலைக்கழகத்தில் சாதி பற்றிய தம் முதல் ஆய்வுரையைப் படித்தார். இந்தியாவில் பண்பாட்டு ஒருமை ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றாயிருப்பதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்ததே சாதி என்பது அதில் அவர் நிறுவியது. ஒரே பண்பாடு வந்துவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று அந்நகரத்துப் பெரியோர் பேசிக்கொண்டிருந்த வேளையில், இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் இதனைச் சொன்னார். 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில், குழுக்களுக்கிடையே தடையின்றி ஊடுருவிப் பாயும் உறவே சமுதாயத்துக்குத் தேவை என்று அவர் எழுதியபோது டூயியின் கருத்தையே நம் நிலத்தில் ஊன்றினார்.

பிற்கால நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் கூறலாம். 1974இல் சான்பிரான்சிஸ்கோ நகரின் சீன மாணவர் வழக்கில், ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கும் அதே நூல், அதே ஆசிரியர் என்று கொடுத்துவிடுவது சமத்துவம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. 'எல்லோருக்கும் ஒரே அளவுகோல்' என்று நம்மிடம் வாதிடுவோர்க்கு இத்தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். கலிபோர்னியா 1998இல் மக்கள் வாக்கெடுப்பால் இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கி, 2016இல் மற்றொரு வாக்கெடுப்பால் அதனை மீட்டது. 2025 மார்ச் 1ஆம் நாள், நாடு தோன்றி ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, குடியரசுத் தலைவர் ஆணையால் ஆங்கிலம் முதன்முறையாக நடுவண் அரசின் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டது.

இன்று அங்குக் குடியேறிய இந்தியர் பலர் வார இறுதிப் பள்ளிகளில் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கின்றனர். அது மேயர் காத்த உரிமை, போற்றத்தக்கது. மொழியுடன் வேறொன்றும் கப்பலேறியதை, அங்குள்ள தாழ்த்தப்பட்டோர் அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் பட்ட இன்னல்களை எடுத்துரைத்து வெளிப்படுத்தினர். 2023 பிப்ரவரி 21ஆம் நாள், சியாட்டில் நகர மன்றம் சாதி வேற்றுமையைத் தடை செய்து சட்டம் இயற்றியது; அமெரிக்க நகரங்களில் இதுவே முதலாவது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநில மன்றங்கள் நிறைவேற்றிய அத்தகைய சட்டத்தை, இருக்கும் சட்டங்களே போதும் என்று கூறி, அம்மாநில ஆளுநர் அக்டோபரில் திருப்பி அனுப்பிவிட்டார். சியாட்டில் சட்டம் நிறைவேறிய நாளுக்கும், உயர்சாதி என்பதைத் தகுதியாகக் காட்டிய திந்த் வழக்கின் தீர்ப்பு நாளுக்கும் இடையே சரியாக நூறாண்டுகளும் இரு நாட்களும் சென்றிருந்தன.